பேக்கப் ஓடிய பத்தொன்பது நாட்கள்

என் வேலையை நான் ஒழுங்காகப் பார்த்தால் அது யாருக்கும் தெரியாது. ஒழுங்காகப் பார்க்காவிட்டால் கேன்டீன் வரிசையில் நிற்கிறவர் வரை தெரிந்துவிடும். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

ஒரகடத்தில், கார்களுக்கு இரும்புத் தாங்கிகள் அடித்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நான் ஐ.டி. துறை. ஐ.டி. துறையில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை, துறையே நான்தான். தாங்கி அடிக்கும் பிரஸ் ஷாப்புக்குப் பின்னால், பழைய பிரிண்டர்கள் அடுக்கிய ஓர் அறையில் என்னையும் சர்வரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அறையில் ஏ.சி. உண்டு. அது சர்வருக்காகப் போட்டது என்பதை ஒருவருக்கு இருவராக எனக்குச் சொல்லியும் இருக்கிறார்கள்.

சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் கிடைத்தால் பஸ், விட்டால் ஷேர் ஆட்டோ. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வந்த வேகத்திலேயே போய்விடும் என்று நான் சொல்வேன். எங்கள் விடுதியில் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

என் வேலைகளில் பாதி பேக்கப்பைச் சுற்றித்தான். தொழிற்சாலையில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் கோப்புகளைப் படியெடுத்து என் அறை சர்வரில் கொண்டுவந்து சேர்க்கும் மென்பொருள் அது. சாது. ஆனால் பசி அதிகம். அவிழ்த்துவிட்டால் பிராசசர் முழுவதையும் தானே தின்னும், நெட்வொர்க்கையும் தானே குடிக்கும். அந்த நேரத்தில் வேறு யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால், பாதி பக்கம் வந்து மீதி வராமல் நிற்கும். அதற்கு எவ்வளவு தீனி போடுவது, எப்போது போடுவது என்பதுதான் என் பிழைப்பு.

ஆபீஸ் என்றால் பிரச்சினையே இல்லை. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ஓடவிடலாம். எங்களுக்கு மூன்று ஷிப்ட். ஒருவர் எழுந்த நாற்காலி ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார். எந்த நேரத்தில் ஓடவிட்டாலும் அது யாராவது ஒருவருடைய வேலை நேரமாகத்தான் இருக்கும்.

முதலில் காலை பத்து மணிக்கு வைத்திருந்தேன். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் நேரிலேயே வந்துவிட்டார். லாரியில் ஏற்றும் ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் அடித்து ஒட்டுகிற இடம் அவருடையது. மறைமலை நகர்க்காரர், குரல் வாசலுக்கு முன்பே உள்ளே வந்துவிடும்.

“இன்னா மேடம் ஓட வுட்டுக்கீறீங்க உள்ள? ஒரு லேபிள் அடிக்கச் சொன்னா மிசினு யோசன பண்ணிகினு கீது. வெளிய வண்டி நின்னுகினு கீது. டிரைவரு என்ன மொறைச்சிகினு கீறான்.”

“பேக்கப் ஓடுது அண்ணே. பத்து நிமிஷம் பொறுங்க.”

“நான் பொறுப்பேன் மேடம். கஸ்டமரு லைன் பொறுக்குமா?”

பொறுக்காது. இங்கே எல்லாத் தொழிற்சாலைகளும் அப்படித்தான். எங்கள் பெட்டி அரை மணி தாமதமானால் எங்கோ ஒரு கார் அரை மணி தாமதமாகும். அதனால் நேரத்தை மாற்றினேன். மதிய சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கேன்டீனில்தானே இருப்பார்கள், கம்ப்யூட்டரை யார் தொடப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டு, ஒரு புதன்கிழமை பன்னிரண்டரைக்கு மொத்தப் பேக்கப்பையும் அவிழ்த்துவிட்டேன்.

கேன்டீன் வாசலில், முகத்தைக் காட்டினால் கதவைத் திறந்துவிடும் ஒரு கருவி இருக்கிறது. அதற்குப் போகிற வயரும் என் சர்வருக்கு வருகிற வயரும் ஒரே வயர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கருவி ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, நீ யாரோ எவரோ என்று யோசிக்க ஆரம்பித்தது. வரிசை கேன்டீனைத் தாண்டி, கை கழுவும் இடத்தைத் தாண்டி, பைக் நிறுத்தும் கொட்டகை வரைக்கும் போனது. புதன்கிழமை கோழிக்குழம்பு நாள் வேறு. பசியோடு கோழி வாசனையை முகர்ந்துகொண்டு வெயிலில் நிற்பவர்களிடம் போய் பேக்கப் என்றால் என்ன என்று விளக்க முடியுமா? நான் அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன். அந்த வாரம் முழுக்க, யாரைப் பார்த்தாலும் “மேடம், இன்னிக்கு சோறு உண்டா?” என்று கேட்டார்கள். சாமி கும்பிட வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போனேன், அங்கேயும் ஒருவர் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு புது விதியைக் கண்டுபிடித்தேன். மென்பொருளிலேயே அந்த வசதி இருந்தது. ஒரு கம்ப்யூட்டரை யாராவது பயன்படுத்திக்கொண்டிருந்தால், பேக்கப் பிராசசரில் துளியூண்டும் நெட்வொர்க்கில் ஒரு நூலளவும் மட்டும் எடுத்துக்கொண்டு நத்தையாக ஊரும். பத்து நிமிடம் யாரும் மவுசைத் தொடவில்லை என்றால், ஆள் இல்லை என்று புரிந்துகொண்டு முழு வேகத்தில் ஓடும். ஆள் திரும்பி வந்து மவுசை அசைத்ததும் மறுபடி நத்தையாகிவிடும். எவ்வளவு நாகரிகம்! எந்த ஆள் எப்போது டீ குடிக்கப் போவார் என்று நான் கணிக்க வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே நாளில் அதைப் போட்டேன்.

புகார்கள் நின்றுபோயின. லேபிள் பறந்து பறந்து வந்தது. கேன்டீன் கருவி எல்லாரையும் அடையாளம் கண்டுகொண்டது. டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வழியில் பார்த்துச் சிரித்தார். என் திரையில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களுக்கு எதிரிலும் பச்சைப் புள்ளி. பக்கத்தில் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று இருக்கும். தினமும் காலையில் வந்து அந்தப் பச்சையை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவேன். வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பண்ணையார் மாதிரி ஒரு நடை கூட அப்போது எனக்கு வந்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் குவாலிட்டி ரூம் அக்காவின் கம்ப்யூட்டர் படுத்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்து ஊர். ஆறு வருடமாகக் கான்ட்ராக்டில் வேலை. அடித்து வரும் தாங்கிகளில் ஒன்றிரண்டை எடுத்து, துளைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று அளக்கும் கருவியில் வைத்து அளப்பார். சரியில்லை என்றால் அந்தத் தாங்கிகள் வந்த இரும்புத் தொட்டி முழுவதற்கும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவார். அதற்கு ‘ஹோல்டு’ என்று பெயர். சீட்டு ஒட்டிய தொட்டி நகரக் கூடாது. உற்பத்திக்காரர்கள் வந்து கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள். அக்கா கருவியின் திரையைக் காட்டிவிட்டு அடுத்த பீஸை எடுத்து அளக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த மாதம் பெர்மனென்ட் ஆக்குகிறவர்கள் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. எச்.ஆரில் அக்காவிடம் போட்டோ கேட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் அளவு போட்டோதான். அதற்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மறைமலை நகர் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலம்தான் தெரிகிறது, எதற்குக்கா பட்டு என்று கேட்டேன். “எனக்குத் தெரியும்ல, கட்டிகினு கீறேன்னு” என்றார்.

ஒரு திங்கட்கிழமை போன் செய்தார்.

“பாப்பா, கம்ப்யூட்டரு டக்கு டக்குன்னு சத்தம் போட்டுச்சி. இப்ப அதுவும் நின்னுபோச்சி. இன்னான்னு வந்து பாரேன்.”

போய்ப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் செத்திருந்தது. தற்காலிகமாக வேறு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டினேன். பழைய அளவுகளெல்லாம் புது டிஸ்க் வந்ததும் போட்டுத் தருகிறேன் என்றேன். அவசரமில்லை என்றார். எனக்கும் அவசரமில்லை.

மறுநாள் அவசரம் வந்தது. கஸ்டமரிடமிருந்து மெயில். எட்டு நாளுக்கு முன் போன ஒரு தொட்டியில் துளைகள் தள்ளிப்போயிருக்கின்றன, உங்கள் குவாலிட்டி எப்படி இதை விட்டது என்று கேட்டிருந்தார்கள். படம் வேறு இணைத்திருந்தார்கள். பிளான்ட் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். அக்காவுக்கு அந்தத் தொட்டி நன்றாக நினைவிருந்தது. அளந்ததும், சரியில்லை என்று கண்டதும், சிவப்புச் சீட்டு ஒட்டியதும் எல்லாம் உண்மை. ஆனால் கஸ்டமர் அனுப்பிய படத்தில் சீட்டு இல்லை. ஒட்டவே இல்லை என்று யாரும் சொல்லிவிடலாம். அக்காவிடம் இருந்த ஒரே சாட்சி, அளந்த தேதி, நேரம், ஹோல்டு என்ற குறிப்போடு கம்ப்யூட்டரில் ஏறியிருந்த பதிவு. அது இருந்தால் அக்கா தப்பு செய்யவில்லை. இல்லாவிட்டால், கெட்ட தொட்டியைக் கடத்திவிட்டவர் என்ற பெயரோடு எந்தப் பட்டியலிலும் ஏற முடியாது.

நேராக என் அறைக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

“பாப்பா, பேக்கப் கீதுல்ல?”

“இருக்குக்கா. அதெல்லாம் பத்திரமா இருக்கு. நீங்க கவலைப்படாமப் போய்ச் சாப்பிடுங்க. நான் எடுத்து வைக்கேன்.”

அக்காவின் முகம் அப்படியே இளகியது. என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பேக்கப்காரிக்கு வாழ்நாளில் ஒருதரம்தான் கதாநாயகி வாய்ப்பு வரும், எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெருமையோடு குவாலிட்டி ரூம் கம்ப்யூட்டரின் பெயரை அழுத்தினேன்.

‘கடைசியாக முடிந்தது: பத்தொன்பது நாட்களுக்கு முன்.’

தப்பாகப் படித்துவிட்டேன் என்று மறுபடி அழுத்தினேன். அதே பத்தொன்பது. பச்சைப் புள்ளி பொய் சொல்லவில்லை. பேக்கப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த டிஸ்க் சாகிற வரைக்கும், பத்தொன்பது நாளும், நத்தை வேகத்தில். அளக்கும் கருவி ஒவ்வொரு பீஸுக்கும் பெரிய பெரிய படங்களைச் சேர்த்துவைக்கும். அந்தப் பாரத்தை நூலளவு நெட்வொர்க்கில் இழுத்து முடிக்க முடியவில்லை. முடியாத பிரதியைத் திறக்கவும் வழியில்லை, அந்த மென்பொருள் அப்படி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எட்டு நாள் முந்திய பதிவு சட்டியிலேயே இல்லை. பின்னால் ஒருநாள், செத்த டிஸ்க்கை மீட்டுத் தருவார்கள் என்று சென்னையில் ஒரு கடைக்குக் கொடுத்தனுப்பினோம், அவர்களும் கைவிரித்தார்கள்.

பத்தொன்பது நாள் என்ற கணக்கு எனக்கு உறுத்தியது. தேதியைப் பார்த்தேன். நான் அந்தப் புது விதியைப் போட்ட நாள்.

ஆனாலும் புரியவில்லை. மற்ற கம்ப்யூட்டர்களில் தினமும் பேக்கப் முடிந்திருக்கிறது. ஆட்கள் டீ குடிக்கப் போகிறார்கள், சாப்பிடப் போகிறார்கள், அந்த இடைவெளியில் அது ஓடி முடிந்துவிடுகிறது. அக்கா மட்டும் சாப்பிடவே போகவில்லையா? மூன்று ஷிப்டிலும் அந்த அறையில் யாருமே பத்து நிமிடம் கூட மவுசை விட்டுக் கையை எடுக்கவில்லையா?

குவாலிட்டி ரூமுக்குப் போனேன். அக்கா சாப்பிட்டுவிட்டு இன்னும் வரவில்லை. நான் மாட்டிக்கொடுத்த தற்காலிகக் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. ஆளில்லாத அறையில் திரை பூட்டாமல் கிடக்கிறதே என்று மவுசைப் பிடித்தேன். கையில் ஏதோ இடறியது. தூக்கிப் பார்த்தால், மவுசுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம். ஆண்கள் கட்டுவது, பட்டை கழற்றியது, பெரிய நொடிமுள்ளோடு. முள் சுற்றுகிறது, மவுசின் அடியிலிருக்கும் விளக்குக்கு, தான் நகர்வதாகத் தோன்றுகிறது, திரையில் அம்பு மெல்ல மெல்ல நடுங்குகிறது. ஆளே இல்லாமல் ஓர் ஆள் இருபத்துநான்கு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிற மாதிரி கம்ப்யூட்டரை நம்பவைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது முதலில். கோபம் அதை முந்திக்கொண்டது. அக்கா உள்ளே வந்தபோது கடிகாரம் என் கையில் இருந்தது.

“இத யாருக்கா வச்சது?”

“நான்தான். எங்க வூட்டுக்காரரோடது.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? நீ போட்ட பூட்டுக்குத்தான்.”

உண்மைதான். கஸ்டமர் தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர்கள், ஆள் தொடாத எந்தத் திரையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பூட்டாமல் இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். சில மாதங்களுக்கு முன் நான்தான் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பூட்டைப் போட்டேன்.

“ஒரு பீஸ் அளக்க ஏழு நிமிசம் ஆவுது பாப்பா. அளந்துட்டுத் திரும்பினா பூட்டிக்கினு கீது. கையில கிளவுஸு, கிளவுஸுல எண்ண. கழட்டி, தொடச்சி, பாஸ்வேர்டு போடணும். அதுவும் இன்னா பாஸ்வேர்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பரு, ஆச்சரியக்குறி! ஒரு நாளைக்கு எத்தினி தபா? நானே ஆச்சரியக்குறியாட்டம் நின்னுகினு இருந்தேன்.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னேனே. ஆடிட் ரூல்க்கா, ஒண்ணும் செய்ய முடியாதுன்னு நீதான சொன்ன.”

சொல்லியிருப்பேன். நான் அப்படித்தான் சொல்வேன். அதனால் கத்தினேன். “இத வச்சா பேக்கப் எப்படிக்கா ஓடும்? பதிவு இல்ல. எட்டு நாளுக்கு முந்தி நீங்க அளந்தது எதுவுமே இல்ல. போதுமா?” என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.  நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் எந்தத் தப்பு நடந்தாலும் ‘ஒய்-ஒய் ஷீட்’ எழுத வேண்டும். ஒரு தாள், வரிசையாக ஐந்து பெட்டி. ஏன் நடந்தது என்று முதல் பெட்டியில் எழுதி, அதற்கு ஏன் என்று அடுத்த பெட்டியில் எழுதி, இப்படி ஐந்து ஏன் கேட்டால் மூலக்காரணம் மாட்டும் என்பது நம்பிக்கை. ஒருமுறை கேன்டீனில் சாம்பார் கொட்டியதற்குக்கூட எழுதினார்கள். கரண்டியின் காம்பு குட்டை என்று ஐந்தாவது பெட்டியில் வந்தது. கரண்டிக்கு வருத்தமில்லை. ஆனால் ஐந்தாவது பெட்டியில் ஓர் ஆள் வந்தால் அந்த ஆள் காலி. இது எழுதாத சட்டம், வாட்ச்மேனுக்கும் தெரியும்.

பேக்கப் ஏன் இல்லை என்பதற்கான ஷீட்டை நான் எழுத வேண்டியிருந்தது. கோபம் ஆறாத கையோடு உட்கார்ந்தேன். பதிவு ஏன் இல்லை? டிஸ்க் செத்தது. பேக்கப்பில் ஏன் இல்லை? பேக்கப் முடியவில்லை. ஏன் முடியவில்லை? குறைந்த வேகத்திலேயே ஓடியது. ஏன் வேகம் கூடவில்லை? கம்ப்யூட்டர் சும்மா இருக்கவே இல்லை. ஏன்? பயன்படுத்துபவர் மவுசுக்கு அடியில் கடிகாரம் வைத்திருந்தார்.

ஐந்து பெட்டியும் கச்சிதமாக நிரம்பின. ஒரு வரி கூடப் பொய் இல்லை. ஷீட்டை அனுப்பிவிட்டு டீ குடித்தேன். டீ நன்றாகவே இருந்தது. அதை இப்போது எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை மீட்டிங். பிளான்ட் மேனேஜர், எச்.ஆர். அதிகாரி, டிஸ்பாட்ச் சூப்பர்வைசர், நான். மேஜையின் கடைசி நாற்காலியில் அக்கா. மேனேஜர் என் ஷீட்டைச் சத்தமாக வாசித்தார். ஐந்தாவது பெட்டிக்கு வந்ததும் நிறுத்தி, “வாட்சா?” என்று கேட்டார். மவுசும் கடிகாரமும் என்ன செய்தன என்று நான் விளக்கினேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் தொடையில் தட்டிச் சிரித்தார். எச்.ஆர். அதிகாரியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் இப்படி எழுதியிருப்பேன் என்று அவருக்குத் தெரியாது. கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபமாகப் பார்த்திருப்பேன், எனக்கு அது சுலபம். அக்கா பார்த்ததில் கோபமே இல்லை. இது நீதானா என்று சரிபார்க்கிற மாதிரி பார்த்தார். 

“சார், இன்னும் ஒரு ஏன் இருக்கு” என்றேன்.

“ஷீட்ல அஞ்சு பாக்ஸ்தானேம்மா?”

“ஆமா சார். பத்தல.”

ஷீட்டை என் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்தேன். ஐந்தாவது பெட்டிக்குக் கீழே, ஓரத்தில் ஒரு பெட்டி வரைந்தேன். அது சதுரமாக வரவில்லை. எழுதிக்கொண்டே சொன்னேன். கடிகாரம் ஏன் வைத்தார்கள்? ஏழு நிமிட வேலைக்கு நான் ஐந்து நிமிடப் பூட்டுப் போட்டேன். அவர்கள் வந்து சொன்னார்கள், நான் கேட்கவில்லை. அப்புறம், ஆள் இல்லாதபோது மட்டும் பேக்கப் வேகமாக ஓடட்டும் என்று இன்னொரு விதி போட்டேன். இரண்டும் என் கை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை, மண் மட்டும் அக்கா தலையில் விழுந்திருக்கிறது. பத்தொன்பது நாளும் நான் ஓடுகிறதா என்றுதான் பார்த்தேன், முடிந்ததா என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

எழுதி முடித்து ஷீட்டை மேனேஜர் பக்கம் தள்ளினேன். 

மேனேஜர் ஆறாவது பெட்டியை ஒருமுறை வாசித்தார். பிறகு, “சரி, கேட்கிறதுன்னு ஆரம்பிச்சாச்சு. இன்னொண்ணும் கேட்டுடலாம்” என்று டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். “அந்தத் தொட்டி உங்க ஏரியாவுக்கு வந்தப்போ சிவப்புச் சீட்டு இருந்துச்சா, இல்லையா?”

அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும், கம்ப்யூட்டர் சொல்லும் என்று எல்லாரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். சூப்பர்வைசர் மேலே ஃபேனைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். தினமும் வாசலுக்கு முன்பே வந்துவிடும் குரல், அன்று பக்கத்து நாற்காலிக்கே சரியாகக் கேட்கவில்லை.

“இருந்திச்சி சார்.”

“அப்புறம்?”

“வண்டி நின்னுகினு இருந்திச்சி. ஒரு தொட்டி கம்மியா இருந்திச்சி. குவாலிட்டிகாரங்க எப்பவும் ஓவரா புடிப்பாங்க, சும்மா ஹோல்டா இருக்கும்னு... நான்தான் சார் சீட்டப் பிச்சிட்டேன்.”

எச்.ஆர். அதிகாரி நோட்டில் குறித்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எனக்கும் சூப்பர்வைசருக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. இருவரும் ஒரே நாளில் எச்.ஆர். வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். குவாலிட்டி ரூமில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காட்டினால் பூட்டுத் திறக்கும்படி ஒரு கருவி வாங்கி மாட்டினேன். கிளவுஸைக் கழற்ற வேண்டாம். அந்த அறைக்கு மட்டும் பேக்கப்புக்குப் பிராசசரில் பாதி ஒதுக்கினேன். அளக்கும் கருவி இரண்டு நொடி தாமதமாகிறது என்று அக்காவே சொன்னார், சொல்லிவிட்டுப் பொறுத்துக்கொண்டார். கேன்டீனுக்குத் தனி வயர் இழுத்தாயிற்று. அடுத்த மாதப் பட்டியலில் அக்காவின் பெயர் வந்தது. அடையாள அட்டையில் அந்தப் பட்டுப்புடவைப் போட்டோதான்.

அட்டை வந்த அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த மீட்டிங்கைப் பற்றி அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற மாதிரி நான் ஏதோ தொடங்கினேன். ஷீட்டில் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்றேன்.

“அத வுடு பாப்பா. நீ எழுதுன, நீயே மாத்திட்ட. வாட்ச வச்சது நான்தான, அது இன்னா பொய்யா? எனக்கு வருத்தம் அதுல இல்ல.”

“பின்ன என்னக்கா?”

அக்கா பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“அன்னிக்கு உங்கிட்ட வந்து கேட்டேன்ல, பேக்கப் கீதான்னு. கீதுன்ன. பத்திரமா கீது, போய் சாப்புடுன்ன. நான் நேரா கேன்டீனுக்குப் போனேன். ரெண்டு தபா சோறு வாங்கித் துன்னேன். வூட்டுக்காரருக்கு போன் போட்டு, ஒண்ணும் பயமில்ல, அந்தப் பொண்ணு எடுத்து வச்சிக்கீதுன்னு சொன்னேன். அவரு எம் பொண்ணு கையில போனக் குடுத்தாரு, அதுங்கிட்டயும் சொன்னேன். சொல்லிட்டு வந்தா நீ வாட்ச கையில வச்சிகினு நிக்கிற.” என் பக்கம் திரும்பினார். “நீ அப்ப பாத்துட்டா சொன்ன?”

பஸ் வந்துவிட்டது. அக்கா ஏறி, ஜன்னலோரம் எனக்கும் இடம் போட்டு வைத்தார். நான் உட்கார்ந்தேன். இல்லக்கா, பாக்காமத்தான் சொன்னேன் என்று சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் எப்படியோ சொல்லி முடித்தேன். “தெரியும்” என்றார் அக்கா.

இப்போதும் போன் வரும். மேடம், பேக்கப் இருக்குல்ல என்று கேட்பார்கள். இருக்கு என்று சொல்ல ஒரு நொடி போதும், நாக்கு நுனி வரைக்கும் வரும். லைனிலேயே இருங்க, பார்த்துட்டுச் சொல்லுதேன் என்கிறேன். கேட்ட கோப்பைத் திறந்து, உள்ளே எழுத்து இருக்கிறதா என்று கண்ணால் படித்த பிறகுதான் பதில் சொல்கிறேன். அதற்கு நாலைந்து நிமிடம் ஆகிறது. எதிர்முனையில் ஒருவர் மூச்சுவிடுவது அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.